கம்பி இல்லாத மொட்டைமாடி

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத என் அக்காவுக்கு,

தளம் போட்டாயிற்று.

இதை உனக்கு நான் இரண்டாவது முறையாகச் சொல்கிறேன். முதல் முறை, நீ மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போனில் சொன்னேன். அது பொய். இது நிஜம். போன வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். கலவை மிஷின் நடுவில் இரண்டு தடவை நின்று உயிரை வாங்கியது. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். இன்று ஐந்தாவது நாள். தளத்தின் மேலே சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். எங்கிருந்தோ இரண்டு கொக்கு வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்து, மீன் கிடைக்காமல் போய்விட்டன.

சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பாய். தெரியவில்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. ஒரு வாரம் யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருக்கிறது. அப்படி ஒரு வாரம் கிடைக்காது என்பதும் தெரியும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு வராது, இருந்தாலும்.

நம்முடையது அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிற குடும்பம். கம்பி, சிமெண்டு, பைப்பு. அப்பாவுக்குப் பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். நீ சென்னைக்குப் போய், ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களை மேற்பார்வை பார்க்கிற வேலையில் சேர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் உழைத்து, கடைசியில் அந்த ஹோட்டலையே நிர்வாகம் செய்கிற நாற்காலிக்கு வந்தாய். அங்கிருந்து ஒரு நாள் கிளம்பி வந்து, திருச்சுழி ரோட்டில் தாத்தா விட்டுப்போன கரிசல் காட்டில் நின்றுகொண்டு, “இங்க ஒரு பொட்டிக் ஹோட்டல் கட்டப் போறேன்டா. சின்னதா, சொகுசா, எட்டே எட்டு ரூமு” என்றாய்.

சுற்றிலும் பார்த்தேன். சீமைக்கருவேலம். அதைத் தாண்டி மானாவாரியாக விதைத்து மழைக்குக் காத்திருக்கிற சோளக்காடு. அதையும் தாண்டினால் வெயில்.

“இங்க என்னக்கா இருக்கு பாக்க?”

“ஒண்ணும் இல்லல்ல? அதைப் பாக்கத்தாண்டா இப்ப ஆளுக வாராக. திருச்சுழிக் கோயிலுக்கு எங்கிட்டு இருந்தெல்லாம் வர்றாக தெரியுமா? தங்க எடமில்லாம மதுரைக்குல்ல ஓடுறாக.”

நான் தலையாட்டினேன். உன்னிடம் வேறு என்ன செய்ய முடியும்? காடு குடும்பச் சொத்து என்பதால் சித்தப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. அவரிடம் இரண்டு மணி நேரம் பேசினாய். கடைசியில் அவர் உன் பேச்சை நிறுத்துவதற்காகவே கையெழுத்துப் போட்டார் என்று இன்றும் சொல்கிறார்.

இப்போது கம்பி விஷயம். நம் ஊர்ப்பக்கம் வராதவர்களுக்கு இது புரியாது. இங்கே யார் வீடு கட்டினாலும் தளம் போடும்போது தூண்களின் கம்பியை அப்படியே மூன்றடி, நான்கடி மேலே நீட்டி விட்டுவிடுவார்கள். பின்னால் ஒரு காலத்தில் மாடி எடுத்தால் அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று. துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பி முனையில் காலிப் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய் அங்கேயே வீடு வாங்கிவிடுவார்கள். பாட்டில் உடையும். கம்பி நிற்கும்.

உனக்கு அது ஆகவே ஆகாது. பஸ்ஸில் பாளையம்பட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒவ்வொரு மொட்டைமாடியாகக் காட்டிக்கொண்டே வருவாய். “பாருடா, இது இருபது வருசமா நிக்குது. அந்தா அது நான் பள்ளிக்கூடம் போகையிலயே நின்னுச்சு. எனக்கு இம்புட்டுப் போதும்னு ஒருத்தராச்சும் கட்டியிருக்காகளா? நம்ம ஊர்ல முடிஞ்ச வீடே கிடையாதுடா.” கம்பி விற்ற காசில் படித்துவிட்டுக் கம்பியையே திட்டுகிறாளே என்று நான் சிரிப்பேன்.

ஹோட்டல் வரைபடத்தில் நீ உன் கையாலேயே எழுதி வைத்தாய்: தூண் கம்பி அனைத்தையும் மடக்கித் தளத்துக்குள் விட வேண்டும், மேலே ஒன்றும் தெரியக் கூடாது. சாயங்காலம் தளத்தில் பாயை விரித்துப் படுத்தால் வானமும் காடும் தவிர எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது உன் கணக்கு. அந்த மொட்டைமாடிதான் உன் ஹோட்டல். கீழே இருக்கிற எட்டு அறையும் அதற்கு அடிவாரம் என்றுகூட ஒரு நாள் சொன்னாய்.

நீ இருந்தவரை நீ மேனேஜர், நான் லோடு இறக்குகிறவன். உனக்கு உடம்பு முடியாமல் போனதும் கணக்கு நோட்டை என் கையில் கொடுத்து, “ரெண்டு மாசம் பாத்துக்கடா, வந்துர்றேன்” என்றாய். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

கட்டட வேலையைப் பார்த்துக்கொள்வது என்றால் கட்டுவதைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். வராத ஆளைப் பார்ப்பதுதான் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் லாரி வராது. நம் காட்டு போர்த் தண்ணீர் உப்பு, அதைக் கலவைக்குத் தொட முடியாது. தண்ணீர் லாரி வந்த அன்று கம்பி கட்டுகிறவர் வரமாட்டார். அவர் வந்த அன்று அவருடைய குலதெய்வம் அவரைக் கூப்பிடும். பங்குனிப் பொங்கலுக்குப் போன ஆட்களில் பாதிப் பேர் சித்திரை பிறந்தும் திரும்பவில்லை. குளியலறைத் தரைக்குத் தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லாமல் மூன்று முறை பெயர்த்துப் போட்டோம். நான்காவது முறையும் தண்ணீர் கதவுப் பக்கம்தான் ஓடி வருகிறது.

ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, ஹோட்டலு எப்ப தொறப்பீக? புரோட்டா உண்டா?” என்று கேட்கிறார்கள். தங்குகிற ஹோட்டல் என்றால், “அப்ப லாட்ஜுன்னு சொல்லுங்க” என்கிறார்கள். நான் இப்போதெல்லாம் புரோட்டா உண்டு என்றே சொல்லிவிடுகிறேன். முடியவில்லை அக்கா.

நம் மேஸ்திரி சீனிச்சாமி அண்ணன் செய்ததைக் கேட்டால் நீ படுக்கையில் இருந்தே எழுந்து வந்திருப்பாய். டிசைன் போட்ட பெண் சென்னையிலிருந்து வீடியோவில் பார்த்து, முன் அறைச் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டுவிடச் சொல்லியிருந்தாள் அல்லவா? நான் கடை வேலையாக இரண்டு நாள் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சுவரைக் கண்ணாடி மாதிரி பூசி வைத்திருக்கிறார். “பூசாத செவத்தைப் பாத்தா வர்றவுக என்ன நெனப்பாக அண்ணாச்சி? காசு பத்தாம நிப்பாட்டிட்டாகன்னுல்ல பேசுவாக? நம்ம அக்கா ஹோட்டலைப் போயி அப்பிடி விட முடியுமா? அதான் என் கைக்காசுல பூசிட்டேன்.” அவரை என்ன சொல்வது? அவர் முன்னாலேயே அதைச் சுரண்டி எடுக்க ஆள் விட வேண்டியதாயிற்று. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தப்பு ஒன்றை நான் செய்தேன். அதைத்தான் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்.

கரிசலில் அஸ்திவாரம் தோண்டினால் அடியில் சுக்கான் பாறை தட்டுகிற வரை போக வேண்டும். வெள்ளையாய், கெட்டியாய் வரும். அதுவரை கரிசல்தான், கரிசலை நம்பக்கூடாது, மழை பெய்தால் உப்பி எழும்பும், காய்ந்தால் வெடிக்கும். இது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தென்வரிசையில் கடைசி மூன்று குழி மட்டும் பாக்கி இருந்தபோது, ஜேசிபிக்காரர் வேறு வேலைக்குப் போக அவசரப்பட்டார். சீனிச்சாமி அண்ணன், “இன்னும் ஒரு அடி போயிருவோம்” என்றார். நான்தான், “போதும்ண்ணே, கெட்டியாத்தான இருக்கு” என்றேன். அன்றைக்கு உனக்கு முதல் டெஸ்ட் ரிசல்ட் வருகிற நாள். மதுரைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே நின்றேன். காரணம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தது. பல வருடமாய்ப் பெய்யாத மழை, பெய்யும் என்று யாரும் நம்பாத மழை. தை மாதம் தளம் போட சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக இருந்தபோது தென்வரிசையில் மூன்று தூணும் லேசாகத் தூக்கியிருந்தன. சுவர் மூலைக்கு மூலை கீறிக்கொண்டு வந்திருந்தது. சீனிச்சாமி அண்ணன் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், “எறக்கிற வேண்டியதுதான் அண்ணாச்சி” என்றார். ஒரு பக்கம் முழுக்க இடித்தோம்.

அந்த வாரம்தான் நீ போன் செய்தாய்.

“ஏலே, தளம் என்னாச்சு?”

“போட்டாச்சுக்கா.”

வாயில் வந்துவிட்டது. உன் குரல் அப்படி இருந்தது. பாதிதான் குரல், மீதி மூச்சு. அந்தக் குரலிடம் இடித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

“எப்படா?”

“நேத்து.”

“படம் அனுப்பு.”

அப்போது நான் பாளையம்பட்டியில் நம் கடைக் கம்பி வாங்கிய ஒருவருடைய வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே முந்தின நாள்தான் தளம் போட்டிருந்தார்கள். ஏணியில் ஏறினேன். ஒரு படம் எடுத்தேன். அனுப்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாய்.

“கம்பி நிக்குதேடா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுத் தளத்தில், ஊர் வழக்கப்படி, வரிசையாகக் கம்பி. உன் கண்ணுக்கு அதுதானே முதலில் தெரியும்! எதை எதையோ உளறினேன். “சீனிச்சாமிண்ணே பழக்கத்துல விட்டுட்டாருக்கா. நாளைக்கே வெட்டச் சொல்லிர்றேன்.”

திட்டு விழப்போகிறது என்று காதைத் தயார் செய்துகொண்டு நின்றேன்.

“வேணாம்டா. வெட்டாத. இருந்துட்டுப் போகட்டும்.”

“நெசமாத்தான் சொல்றியாக்கா?”

“இருந்துட்டுப் போகட்டும்டா. சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

காரியத்தன்று சித்தப்பா என் தோளில் கை வைத்து, “கட்டடத்தைப் பத்திக் கடைசியா என்னப்பா சொல்லுச்சு?” என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். யோசிக்கவில்லை. “கம்பியை வெட்டாத, இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லுச்சு சித்தப்பா” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் வீட்டை விட்டு வெளியே போனது. அது ஊரைச் சுற்றி வந்தபோது உன் உயில் ஆகியிருந்தது.

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு அறைக்கு ஆள் வராவிட்டால் காடும் போய் கட்டடமும் போய்விடுமே என்று அவருக்குப் பயம். மேலே ஒரு கல்யாண மண்டபம் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நினைப்பு. கம்பி நின்றால்தான் மண்டபம் எழும்பும். “புள்ளைக்குக் கடைசியில புத்தி தெளிஞ்சிருச்சு. மண்டபம் வேணும்னு அதுக்கே தோணியிருக்கு” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். கடையில் சிமெண்டு வாங்க வருகிறவர்கள் என்னிடமே வந்து, “ஒங்க அக்கா மனசு மாறிட்டாகளாமே” என்று கேட்டார்கள். நான் எடை போடுவதிலேயே கவனமாக இருப்பதுபோல் இருந்தேன்.

தூண்களை மறுபடி எடுத்தோம். இந்த முறை சுக்கான் தட்டி, அதற்கு மேலும் ஒரு அடி. ஆடி முடிந்தது. சென்ட்ரிங் மறுபடி அடித்தோம். தளம் போட மூன்று நாள் இருக்கும்போது சீனிச்சாமி அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, கம்பியை விடவா, மடக்கவா? இப்பச் சொன்னாத்தான் உண்டு. மடக்கித் தளத்துக்குள்ள விட்டுட்டா அப்பறம் ஆண்டவனே வந்தாலும் மாடி எடுக்க முடியாது.”

“என்ன செய்யலாம்னு நெனக்கிறீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? நாப்பது வருசமா கம்பி விடாம நான் ஒரு தளமும் போட்டதில்ல. கம்பி விடாத வீடு வளராதும்பாக. அக்கா வேற கடைசியில விடச் சொன்னாகளாம்ல?”

பலகை மேல் ஏறி நின்றேன். காலை பத்து மணி வெயில். இருபத்திரண்டு தூணின் கம்பியும் என்னைச் சுற்றி நின்றன. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? சித்தப்பா சந்தோஷப்படுவார். மேஸ்திரி சந்தோஷப்படுவார். நாளைக்கு ஹோட்டல் படுத்துவிட்டால் மண்டபம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நான் பொய் சொன்னது யாருக்கும் தெரியாமலே போகும். வரைபடத்தில் உன் கையெழுத்து இருந்தது. ஊர் வாயில் உன் கடைசி வார்த்தை இருந்தது. இரண்டும் உன்னுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அங்கிருந்து மேற்கே பார்த்தேன். நீ சொன்ன அந்த ஒன்றுமில்லாதது அப்படியே கிடந்தது. அதைப் பார்க்க, நடுவில் நிற்கிற கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நகர்த்த வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் வரவில்லை, கம்பிமேலும் வரவில்லை. ஒருத்தி வாழ்நாளெல்லாம் சொன்ன ஒரே விஷயத்தைக் கடைசியில் மாற்றிக்கொண்டாள் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது, நான் அதைக் கேட்டுக்கொண்டு கம்பி எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். இனி உன்னால் வந்து இல்லை என்று சொல்லவும் முடியாது. நான் ஒருத்தன்தான் சொல்ல முடியும். சொன்னால் நான் எப்படிப்பட்டவன் என்றும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் சித்தப்பா நல்ல நேரம் குறித்துக்கொண்டு சைட்டுக்கு வந்தார். அத்தான் மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் வெயிலில் குடை பிடிக்கக்கூட மறந்துவிடுகிறார், அக்கா. முகமெல்லாம் கறுத்துவிட்டது. சென்ட்ரிங் முட்டுகளுக்குக் கீழே நிழலில் நான்கு பேரும் நின்றோம். சீனிச்சாமி அண்ணன் கையில் கம்பி மடக்குகிற சாவி.

“கம்பி நிக்கட்டும். அதான் அது ஆசை” என்றார் சித்தப்பா.

“அது ஆசை இல்ல சித்தப்பா.”

சொல்லிவிட்டேன். குழி, மழை, தூண், போன், பாளையம்பட்டி, படம். எதையும் விடவில்லை. சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெட்ட வேண்டாம் என்று சொன்னது வேறு யார் வீட்டுக் கம்பியையோ பார்த்துத்தான் என்றேன்.

சித்தப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், “சாகக் கெடந்த புள்ளைகிட்டயாடா பொய் சொன்ன?” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மேஸ்திரி சாவியைக் கீழே வைத்தார்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “மாப்ளே, அவளுக்குத் தெரியும்யா” என்றார்.

அப்போதுதான் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“படம் வந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. பெருசு பண்ணிப் பாத்தா. மூலையில பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி, கொடியில ஒரு பச்சைச் சேலை காயுது. நம்ம காட்டுல ஆருங்க சேலை காயப் போட்டதுன்னு கேட்டுச் சிரிச்சா. சிரிச்சு ரொம்ப நாளாச்சுன்னு நானும் சேந்து சிரிச்சேன்.”

“பெறகு ஏன் அத்தான் வெட்டாதன்னு சொல்லுச்சு?”

“நானும் அதத்தான் கேட்டேன். ஊரான் வீட்டுக் கம்பியை வெட்டச் சொல்ல நான் யாருங்கன்னா.”

சீனிச்சாமி அண்ணன் பட்டென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்களாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டா. ‘அங்க என்னமோ கொளறுபடி நடந்திருக்கு. ஒத்தையில கெடந்து அல்லாடுறான். நீங்க ஒண்ணும் கேக்காதீக, அவனா வந்து சொல்லுவான்’னா. நீ இம்புட்டு நாள் எடுத்துக்கிருவேன்னு அவளுக்குத் தெரியல.”

சித்தப்பா சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு அவர் மேஸ்திரியைப் பார்த்து, “இதை மடக்குறதுக்கு எம்புட்டு நேரமாகும்?” என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை சரியாகப் பேசவில்லை. ஆனால் தளம் போடுகிற அன்று முதல் சட்டிக் கலவையை அவர்தான் வாங்கிக் கொட்டினார்.

கம்பி எல்லாவற்றையும் மடக்கியாயிற்று. சீனிச்சாமி அண்ணன் ஒவ்வொன்றையும் மடக்கும்போது முணுமுணுத்தார், என்னவென்று நான் கேட்கவில்லை. இப்போது தளத்தில் ஏறி நின்றால் கணுக்கால் உயரத்துக்குக்கூட எதுவும் இல்லை. மேஸ்திரி நேற்று ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, “மொட்டையடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஆனா நல்லாத்தேன் இருக்கு” என்றார். நீ இருந்திருந்தால் அவரை அங்கேயே உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. தெரிந்துகொண்டு ஏன் சும்மா இருந்தாய்? நீ சும்மா இருக்கிற ஆளா? அந்தப் பதினோரு நாளில் மூன்று முறை வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டடம் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, என்ன மாத்திரை கொடுத்தார்கள், கஞ்சி குடித்தாயா, பக்கத்துப் படுக்கைக்காரர் எந்த ஊர் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். உனக்குப் பேச முடியவில்லை என்று நினைத்தேன். நான் சொல்வேன் என்று காத்திருந்தாயா? மூன்றாவது முறை நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருந்தாயே, அது அதற்குத்தானா?

உன்னை வருத்தப்படுத்தக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. தளம் போடவில்லை அக்கா, மூன்று தூணை இடித்துவிட்டோம், தப்பு என்னுடையது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? திட்டியிருப்பாய். சுக்கான் தட்டாமல் எவனாவது தூண் எடுப்பானா என்று கேட்டிருப்பாய். அந்தப் பாதிக் குரலிலேயே சீனிச்சாமி அண்ணனைக் கூப்பிடச் சொல்லி அவரையும் திட்டியிருப்பாய். வரைபடத்தைக் கட்டில்மேல் விரிக்கச் சொல்லியிருப்பாய். நானும் நீயும் பதினோரு நாளும் அந்தத் தூணைப் பற்றியே பேசிக்கொண்டு இருந்திருப்போம். நீ நோயாளியாக இல்லாமல், மேனேஜராகப் போயிருப்பாய். அதை நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். கஞ்சியைப் பற்றிப் பேசி எடுத்துவிட்டேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ, “போடா” என்பாய். அதனால் கேட்கவில்லை.

ஒரு வாக்குறுதி மட்டும் தருகிறேன். கதவு திறக்கிற நாள் வரைக்கும், அதற்குப் பிறகு ஆள் வந்தாலும் வராவிட்டாலும், இந்தக் கட்டடத்தில் நடப்பதை உனக்கு உள்ளது உள்ளபடி சொல்வேன். நல்லதை நல்லதாக, கெட்டதைக் கெட்டதாக. இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். நான்காம் அறை ஜன்னல் சட்டம் அளவு மாறி வந்திருக்கிறது, அளவு கொடுத்தது நான்தான். இறங்குகிற படி ஒன்று மற்றதைவிட ஒரு இஞ்ச் உயரம். உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று புரியவில்லை.

திட்டு, அக்கா.

உன் தம்பி,
முருகேசன்